சாஃப்ட்வேர் வேலையில் இருக்கும் என் பிள்ளைகளுக்கு

பதிவு கொஞ்சம் நீளம். ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட்டு முடித்து ஓய்வாக உட்கார்ந்திருக்கும்போது படியுங்கள். பஸ்ஸில் நின்றுகொண்டு படிக்க வேண்டாம்.

போன மாதம் நம் பழைய மாணவர்கள் வாட்ஸ்அப் குழுவில் யார் எங்கே என்ன வேலையில் இருக்கிறீர்கள் என்று ஆளாளுக்கு எழுதினீர்கள். படித்துக்கொண்டே வந்தேன். மூன்று பேருக்கு ஒருவர் சாஃப்ட்வேர். சோழிங்கநல்லூர், பெங்களூரு, ஐதராபாத், சிங்கப்பூர், ஒருத்தி டொரோன்டோ. வில்லியனூர் கொம்யூனிலும் பாகூர் கொம்யூனிலும் நடவும் களையெடுப்பும் பார்த்து வளர்ந்த பிள்ளைகள். அதில் ஒருவன், "டீச்சர், விவசாயத்தைப் பத்தி எழுதறீங்க, கோயிலைப் பத்தி எழுதறீங்க, எங்க வேலையைப் பத்தி ஒரு வரி எழுதினது இல்லையே" என்று கேட்டிருந்தான். நியாயமான கேள்வி.

எனக்குக் கோடு எழுதத் தெரியாது. முப்பத்து மூன்று வருடம் கணக்கு நடத்தியவள், அவ்வளவுதான். ஆனால் உங்கள் தொழிலில் ஒரு புராஜெக்ட் எப்படி நடக்க வேண்டும் என்பதை நம் வில்லியனூரிலேயே பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். எப்படி நடக்கக் கூடாது என்பதை இந்த வருடம் ஒரு கிழவியோடு வரிசையில் நின்று பார்த்தேன். இரண்டையும் எழுதுகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன்.

உங்களில் பலர் கைக்குழந்தையாக இருந்த 1998ஆம் வருடம். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் நம் புதுச்சேரிக் கிராமங்களில் ஒரு திட்டம் தொடங்கியது. பணம் கனடா நாட்டு ஐ.டி.ஆர்.சி. கொடுத்தது. திட்டத்தின் தலைமை மையம் வேறு எங்கும் இல்லை, நம் வில்லியனூர். அங்கிருந்து சுற்றுக் கிராமங்களுக்குத் தகவல் போகும். கீழூர், ஏம்பலம், வீராம்பட்டினம் என்று ஊர் ஊராக மையம் திறந்தார்கள். எல்லோரும் அதைக் 'கம்ப்யூட்டர் மையம்' என்றுதான் சொன்னோம். அவர்கள் வைத்த பெயர் அறிவு மையம்.

கீழூர் என்றால் உங்களுக்கு நினைவு வர வேண்டும், நான் நடத்தாவிட்டாலும் வரலாறு ஆசிரியர் நடத்தியிருப்பார். 1954 அக்டோபர் 18ஆம் தேதி புதுச்சேரி இந்தியாவோடு சேர வேண்டுமா என்று மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் வாக்களித்த ஊர். 170 பேர் சேர வேண்டும் என்றார்கள், 8 பேர் வேண்டாம் என்றார்கள். அந்த ஊருக்குத்தான் நாற்பத்து நாலு வருடம் கழித்துக் கம்ப்யூட்டர் வந்தது.

அப்போது நிலைமை என்ன? ஊரில் ஒன்றிரண்டு வீட்டில்தான் போன். கரன்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று தெரியாது. வந்தாலும் பல்பு மினுக்கும். இதில் கம்ப்யூட்டரை எப்படி ஓட்டுவது? சோலார் தகடு வைத்தார்கள். போன் லைன் இல்லாத இடத்துக்கு, போலீஸ்காரர்கள் கையில் வைத்திருப்பார்களே, அந்த மாதிரி வயர்லெஸ் ரேடியோ வைத்து, அதன் வழியாகவே பேச்சையும் தகவலையும் அனுப்பினார்கள். இந்த வேலைக்காக 1999இல் மோட்டோரோலா விருதும், 2001இல் ஸ்டாக்ஹோம் சேலஞ்ச் விருதும் கிடைத்தன. ஸ்டாக்ஹோமில் வில்லியனூர் பெயரை வாசித்திருக்கிறார்கள், பிள்ளைகளே. இன்றைக்கு நம் ஊரில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

ஆனால் சோலாரும் ரேடியோவும் பெரிய விஷயம் இல்லை. காசு இருந்தால் யாரும் வாங்கலாம். அவர்கள் வேலையைத் தொடங்கிய விதம்தான் என் மனதில் நின்றது.

மெஷினை இறக்குவதற்கு முன்னால் ஊரைக் கேட்டார்கள். உங்களுக்கு என்ன தெரிய வேண்டியிருக்கிறது, அதை இப்போது யாரிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறீர்கள் என்று விசாரித்தார்கள். நம் ஜனங்களுக்குத் தகவல் எங்கிருந்து வரும்? மளிகைக் கடைக்காரர் சொல்லுவார், உர வியாபாரி சொல்லுவார், சந்தையில் யாராவது சொல்லுவார்கள், பக்கத்து வீட்டில் சொல்லுவார்கள். சொல்பவருக்கு அதில் என்ன லாபம் என்று கேட்பவருக்குத் தெரியாது. இதைப் புரிந்துகொண்டபிறகுதான் மையத்தில் என்ன வைப்பது என்று முடிவு செய்தார்கள். நெல் என்ன விலை, உரம் என்ன விலை, மழை வருமா, எந்த ஆஸ்பத்திரியில் எந்த நாள் எந்த டாக்டர், பஸ் எத்தனை மணிக்கு, ஏழைகளுக்கு அரசாங்கத்தில் என்னென்ன திட்டம் இருக்கிறது, அதற்கு யார் தகுதி. இவ்வளவும் தமிழில். 'நம்ம ஊரு செய்தி' என்று ஒரு பத்திரிகையும் வில்லியனூரிலிருந்து வந்தது.

அந்த அரசாங்கத் திட்டப் பட்டியலை நீங்கள் சாதாரணமாக நினைக்கக் கூடாது. வறுமைக்கோட்டுப் பட்டியலில் தன் பெயர் இருக்கிறதா என்று ஒருத்தி தெரிந்துகொள்ள அதுவரைக்கும் அலுவலகத்து வாசலில் நிற்க வேண்டும், யாருக்காவது தலை சொறிய வேண்டும். இப்போது சொந்த ஊரிலேயே போய்ப் பார்த்துவிடலாம்.

ஊருக்கு அவர்கள் போட்ட நிபந்தனை இரண்டு. இடத்தை ஊர் இலவசமாகக் கொடுக்க வேண்டும். எந்தச் சாதியாக இருந்தாலும், ஆணோ பெண்ணோ, யார் வந்தாலும் உள்ளே விட வேண்டும். மையத்தை நடத்துவது ஊர்க்காரர்களே, சம்பளம் இல்லாத தொண்டர்களாக. அதில் பெரும்பாலும் பெண்கள். பத்தாவது, பன்னிரண்டாவது படித்துவிட்டு வீட்டில் இருந்த பிள்ளைகள். என்னிடம் படித்தவளும் ஒருத்தி இருந்தாள். பள்ளிக்கூடத்தில் கரும்பலகைக்கு முன்னால் வந்து நிற்கவே கூசுவாள். அவள் மவுஸைப் பிடித்துக்கொண்டு, ஊர்ப் பெரியவர் ஒருவரைப் பார்த்து, "உக்காருங்க பெரியப்பா, பிரின்ட் எடுத்துத் தர்றேன்" என்று சொன்னதை நான் கண்ணால் பார்த்தேன்.

ஏம்பலத்தில் மையம் கோயிலில் இருந்தது. 2000ஆம் வருடம் மே மாதம் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையிலேயே அதைப் பற்றி எழுதினார்கள். அந்தக் கோயிலுக்கு இரண்டு கதவு. ஒரு கதவு வழியாகச் சாமி கும்பிடப் போகலாம். தாழ்த்தப்பட்டவர்கள் என்று சொல்லப்பட்டவர்களும் தீட்டு நாளில் பெண்களும் அதன் வழியாகப் போகக் கூடாது. இன்னொரு கதவு வழியாகக் கம்ப்யூட்டர் இருக்கும் அறைக்குப் போகலாம். அதில் யாரும் போகலாம். அதே கட்டடம்தான், அதே சுவர்தான். ஒரு நிபந்தனை எழுதிச் சம்மதம் வாங்கியதால் இரண்டாவது கதவு எல்லோருக்கும் திறந்தது. உங்கள் மொழியில் சொன்னால் அது 'ரிக்வயர்மென்ட்'. யார் உள்ளே வர முடியும் என்பதை முதல் நாளே எழுதிவிட்டார்கள்.

வீராம்பட்டினத்துக்காரர்களுக்கு நெல் விலை எதற்கு? அவர்களுக்கு வேண்டியது, நாளைக்குக் கடல் எப்படி இருக்கும் என்பது. அமெரிக்கக் கடற்படை அலை உயரக் கணிப்பை இணையத்தில் போட்டு வந்தது. அதை வில்லியனூரில் இறக்கி, தமிழில் ஒலிப்பதிவு செய்து அனுப்ப, வீராம்பட்டினத்தில் ஒலிபெருக்கியில் போட்டார்கள். போர்க்கப்பலுக்காக எங்கோ கணித்த அலையை நம் செங்கழுநீரம்மன் ஊர்க்காரர்கள் காதால் கேட்டுவிட்டுக் கட்டுமரத்தை இறக்கினார்கள். கவனியுங்கள், அதைத் திரையில் காட்டவில்லை. விடியற்காலையில் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கும் ஆள் திரையைப் பார்க்க மாட்டார், ஒலிபெருக்கி அவர் காதில் விழும். ஆள் எப்படி இருக்கிறாரோ அதற்கு ஏற்றபடி தகவல் போனது.

அந்த மாதிரி ஒலிபெருக்கி நல்லவாட்டிலும் இருந்தது. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. சிங்கப்பூரில் வேலையில் இருந்த அந்த ஊர்க்காரர் ஒருவர் டிவியில் சுமத்ரா பூகம்பச் செய்தி பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன் செய்தார். கடல் உள்ளே வருவதாக வீட்டில் சொன்னார்கள். உடனே ஓடுங்கள், ஊரில் எல்லோருக்கும் சொல்லுங்கள் என்றார். அறிவு மையம் பூட்டியிருந்தது. பூட்டை உடைத்து உள்ளே போய், ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். சுமார் 500 குடும்பம் இருந்த ஊர். வீடுகள் போயின, படகுகள் போயின. ஓர் உயிர் போகவில்லை. அந்த வாரம் நம் கடற்கரையில் மற்ற ஊர்களில் கேட்ட ஓலத்தை நினைத்தால் இதன் அருமை தெரியும்.

அலை உயரம் சொல்ல வைத்த மெஷின் சுனாமிக்கு உதவும் என்று யாரும் திட்டம் போடவில்லை. ஆனால் அந்த மெஷினும் அதை இயக்கத் தெரிந்த ஆளும் ஊருக்குள்ளேயே இருந்தார்கள். சாவி வேறு ஊரில் இருந்தாலும் பூட்டை உடைக்கும் உரிமை தங்களுக்கு உண்டு என்று அவர்கள் நினைத்தார்கள். அது அவர்கள் மையம். ஒரு புராஜெக்ட்டுக்கு இதைவிடப் பெரிய வெற்றி எனக்குத் தெரியவில்லை.

அதே 2000ஆம் வருடம் ஜூலையில்தான் சென்னையில் டைடல் பார்க் திறந்தார்கள். அதற்கப்புறம் ஓ.எம்.ஆர். என்ன ஆனது என்று உங்களுக்குத்தான் தெரியுமே. நீங்கள் எல்லாம் அந்தப் பக்கம் போனீர்கள். போக வேண்டியதுதான். வீட்டுக்குத் தளம் போட்டீர்கள், தங்கைக்குக் கல்யாணம் செய்தீர்கள், அப்பாவின் கடனை அடைத்தீர்கள். அதில் எனக்குப் பெருமைதான். ஆனால் வில்லியனூரில் நடந்ததும் ஐ.டி. வேலைதான் என்பதை நினைவுபடுத்தத்தான் இதை எழுதுகிறேன்.

இப்போது உங்கள் வேலைக்கு வருகிறேன்.

என் மாணவி ஒருத்தி சென்னையில் புராஜெக்ட் மேனேஜர். திருக்காமீசுவரர் தேருக்கு வருடா வருடம் வந்துவிடுவாள். இந்த வருடமும் வந்தாள். தேர் நிலைக்கு வந்தபிறகு வீட்டுக்கு வந்து, திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு புலம்பினாள். புராஜெக்ட் இரண்டு மாதம் தள்ளிப் போய்விட்டதாம். மேலிடத்தில் இன்னும் ஆறு பேரைச் சேர்த்துக்கொள், சீக்கிரம் முடி என்கிறார்களாம். "ஆளைச் சேர்த்தா இன்னும் லேட் ஆகும் டீச்சர். சொன்னா கேக்க மாட்டேங்கறாங்க" என்றாள்.

இது புதுப் புலம்பல் இல்லை என்று அவளே சொன்னாள். ஐ.பி.எம். கம்பெனியில் ஓ.எஸ்./360 என்ற பெரிய மென்பொருள் வேலைக்குப் பொறுப்பாக இருந்த ஃபிரெட் புரூக்ஸ் என்பவர் 1975லேயே புத்தகம் போட்டுச் சொல்லிவிட்டாராம். தாமதமான மென்பொருள் வேலைக்குப் புது ஆள் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும். புது ஆளுக்குப் பழைய ஆள் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்க வேண்டும், அந்த நேரம் வேலையில் கழியும். ஆள் கூடக் கூட ஒருவருக்கொருவர் பேசிக்கொள்வதே ஒரு வேலையாகிவிடும்.

எனக்குக் கணக்கு உடனே புரிந்தது. நாலு பேர் இருந்தால் இரண்டிரண்டு பேராகப் பேச ஆறு வழி. பத்து பேர் ஆனால் நாற்பத்தைந்து வழி. பதினோராம் வகுப்பில் சேர்மானக் கணக்கு போட்டோமே, அதேதான். அவளிடம் நம் ஊர்ப் பாஷையில் ஒன்று சொன்னேன். நடவுக்கு ஆள் சேர்த்தால் ஐந்து நாள் வேலை ஒரே நாளில் முடியும். ஆனால் நாற்றங்காலுக்கு எத்தனை ஆள் காவல் போட்டாலும் நாற்று தன் நாளில்தான் வளரும். உன் வேலையில் எது நடவு, எது நாற்றங்கால் என்று பிரித்து ஒரு தாளில் எழுதி மேலிடத்துக்குக் காட்டு என்றேன். சிரித்தாள். "ஸ்லைடுல போடறேன் டீச்சர்" என்றாள். போட்டாளா என்று தெரியாது.

இன்னொன்றும் சொன்னாள். அது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. 1999 செப்டம்பரில் நாசா செவ்வாய்க்கு அனுப்பிய மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் என்ற விண்கலம் காணாமல் போனதல்லவா, அதற்குக் காரணம் அலகு. ஒரு குழுவின் மென்பொருள் விசையைப் பவுண்டில் கணக்கிட்டுக் கொடுத்தது. அதை வாங்கிய குழு நியூட்டன் என்று நினைத்துக்கொண்டது. "யூனிட் போடலைன்னா அரை மார்க் குறைப்பீங்களே டீச்சர், அந்த ஞாபகம்தான் வந்துச்சு" என்றாள். அரை மார்க்குக்காக என்னோடு சண்டை போட்டவர்கள் எல்லாம் இந்த வரியை இரண்டு முறை படிக்கவும்.

அப்போதுதான் அவளிடம் ஆயா கதையைச் சொன்னேன். உங்களுக்கும் சொல்ல வேண்டும்.

நம் பள்ளிக்கூடத்தில் மதிய உணவு வேளையில் பாத்திரம் கழுவுவாரே ஆயா, உங்களில் பாதிப் பேருக்கு முழங்கால் சிராய்ப்புக்கு மஞ்சள் வைத்துவிட்டவர். தினக்கூலிதான், நிரந்தரம் ஆகவே இல்லை. இப்போது பாகூர்ப் பக்கத்தில் மகள் வீட்டில் இருக்கிறார். எழுபத்தெட்டு வயது. மாதம் வரும் முதியோர் உதவித்தொகைதான் அவர் கையில் இருக்கும் ஒரே காசு. அதில் வெற்றிலை, அதில் மாத்திரை, அதில் பேரனுக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட். அந்தக் காசு இருப்பதால்தான் மருமகன் வீட்டில் தலைநிமிர்ந்து உட்கார முடிகிறது. இதை அவரே என்னிடம் சொல்லியிருக்கிறார்.

இந்த வருடம் தொடக்கத்தில் காசு நின்றுவிட்டது. உயிரோடு இருப்பதற்கு விரல் ரேகை பதிய வேண்டும் என்றார்கள். உயிர்ச் சான்று நம் ஊருக்குப் புதுசு இல்லை. பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் சொல்தா தாத்தாக்கள் காலம் காலமாகக் கொடுத்து வந்ததுதான். ஆள் நேரில் போய் நிற்பார், அதிகாரி முகத்தைப் பார்ப்பார், கையெழுத்துப் போடுவார். இப்போது மெஷின் பார்க்கிறது. ஆயாவின் விரல் மெஷினில் பதியவில்லை.

எப்படிப் பதியும்? நாற்பது வருடம் சாம்பலும் தேங்காய் நாரும் வைத்து அண்டா அண்டாவாகத் தேய்த்த விரல். ரேகையே இல்லை, கூழாங்கல் மாதிரி வழுவழு என்று இருக்கிறது. பத்து விரலையும் வைத்துப் பார்த்தார்கள். எண்ணெய் தடவிப் பார்த்தார்கள், துடைத்துப் பார்த்தார்கள். நான் கூடவே மூன்று முறை போனேன். உட்கார்ந்திருந்த பிள்ளை நல்ல பிள்ளை, மரியாதையாகத்தான் பேசினான். "நான் என்ன பண்ணட்டும் டீச்சர், ஆயா எதிர்லதான் நிக்கறாங்க, எனக்குத் தெரியுது. சிஸ்டம் எடுக்க மாட்டேங்குதே" என்றான்.

ஆயா என்னைப் பார்த்துக் கேட்டார். "டீச்சரம்மா, நான் செத்துட்டேன்னு போட்டுட்டாங்களா?"

எந்த அலுவலகம், எந்தத் திட்டம் என்று நான் எழுதப் போவதில்லை. யாரையும் மாட்டிவிடுவதற்காக எழுதவில்லை. தாசில் அலுவலகத்துக்கும் வங்கிக்கும் நடந்து, கையால் எழுதிய ஒரு சான்றிதழ் வாங்கி, ஐந்தாம் மாதம் பணம் வந்தது. இடையில் நின்ற நாலு மாதப் பணம் இதை எழுதும்வரை வரவில்லை. விண்ணப்பம் கொடுத்திருக்கிறோம்.

இதைக் கேட்டதும் என் மாணவி காலை மடக்கி உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னாள். "நாங்க இதை 'எட்ஜ் கேஸ்'னு சொல்லுவோம் டீச்சர். ஓரத்துல வர்ற கேஸ். நூத்துக்கு ஒண்ணு இரண்டு அப்படித்தான் வரும். முதல் ரிலீஸ்ல பாக்க மாட்டோம், அப்புறம் பாத்துக்கலாம்னு லிஸ்ட்ல போடுவோம். டெஸ்ட் பண்றதும் ஆபீஸ்ல இருக்கற எங்க விரலை வச்சுத்தான்."

எங்கள் விரல். கீபோர்டு தட்டுகிற விரல்.

நான் கணக்கு டீச்சர், அதனால் இதைக் கணக்காகவே சொல்கிறேன். நூற்றுக்கு ஒருவருக்கு மெஷின் வேலை செய்யவில்லை என்று வைத்துக்கொள்வோம். 99 சதவீதம் வெற்றி என்று ரிப்போர்ட் போடுவீர்கள், கைதட்டுவார்கள். பத்தாயிரம் பேரில் அந்த ஒரு சதவீதம் நூறு பேர். அந்த நூறு பேர் யார்? குலுக்கல் சீட்டில் விழுந்த நூறு பேராக இருந்தால், அதில் ஒரு டாக்டர் இருப்பார், ஒரு வக்கீல் இருப்பார், ஒரு கவுன்சிலர் இருப்பார். அவர் ஒரு போன் போட்டால் மறுநாளே சரியாகிவிடும். ஆனால் இது குலுக்கல் இல்லை. பாத்திரம் தேய்த்தவர், செங்கல் சூளையில் கல் அறுத்தவர், வில்லியனூரில் சுடுமண் பொம்மைக்குக் களிமண் பிசைந்தவர், கரும்பு வெட்டியவர். கையால் உழைத்தவர்களையே பார்த்துப் பொறுக்கி எடுத்த நூறு பேர் அது. பிழை ஒரு சதவீதம்தான், ஆனால் அது எப்போதும் ஒரே வாசலில் போய் நிற்கிறது. நிகழ்தகவு நடத்தும்போது 'சம வாய்ப்பு' என்று சொல்லிக் கொடுத்தேனே, இங்கே சம வாய்ப்பு இல்லை.

அதனால்தான் 1998ஐ இவ்வளவு நீளமாக எழுதினேன். அவர்களிடம் இருந்த கம்ப்யூட்டர் இன்று உங்கள் பாக்கெட்டில் இருக்கும் போனில் நூறில் ஒரு பங்கு சக்திகூட இல்லாதது. ஆனால் 'யார் உள்ளே வர முடியாமல் நிற்பார்' என்ற கேள்வியை முதல் நாளே கேட்டார்கள். இன்று கேட்பதற்கு நேரம் இல்லை என்கிறீர்கள். டெட்லைன் இருக்கிறது, கிளையன்ட் இருக்கிறார், பட்ஜெட் இருக்கிறது. தெரியும். அந்த மாணவியின் கண்ணுக்குக் கீழே இருந்த கருவளையத்தை நான் பார்த்தேன். அவள் சோம்பேறி இல்லை, கல்நெஞ்சும் இல்லை. அவள் உட்கார்ந்திருக்கும் அறையிலிருந்து ஆயா தெரிவதில்லை.

போகும்போது ஒன்று சொல்லிவிட்டுப் போனாள். இனிமேல் தன் கைக்கு வரும் ஒவ்வொரு வேலையிலும், மெஷின் ஏற்கவில்லை என்றால் ஒரு மனிதர் பார்த்து முடிவு செய்து கையெழுத்துப் போட ஒரு வழி இருக்க வேண்டும் என்று முதல் பக்கத்திலேயே எழுதப் போகிறாளாம். மேலிடம் வெட்டினால் வெட்டட்டும், எழுதியது இருக்கட்டும் என்றாள். எனக்கு அது போதும்.

உங்கள் எல்லோரிடமும் நான் கேட்பதும் அதுதான். பேங்க் ஆப், ஆஸ்பத்திரி ஆப், ரேஷன், பஸ் டிக்கெட், எதைச் செய்தாலும், முடிப்பதற்கு முன்னால் ஒரு நாள், ஒரே ஒரு நாள், அதை எடுத்துக்கொண்டு ஊருக்கு வாருங்கள். உங்கள் அம்மாவிடம் கொடுங்கள், சித்தப்பாவிடம் கொடுங்கள். சொல்லிக் கொடுக்காமல் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். அவர்கள் எங்கே தடுமாறுகிறார்களோ, அதை அவர்கள் அறியாமை என்று எழுதாதீர்கள். வேலையில் இருக்கும் குறை என்று எழுதுங்கள். நம் ஜனங்களுக்கு இனிஷியல்தான் உண்டு, குடும்பப் பெயர் கிடையாது என்பதாவது அந்தப் படிவத்தை எழுதுபவருக்குத் தெரியட்டும்.

இன்னொன்று. புதிதாகக் கட்டுவதற்கு இருக்கும் மரியாதை, இருப்பதைப் பராமரிப்பதற்கு இல்லை என்று சப்போர்ட் வேலையில் இருக்கும் பையன்கள் இரண்டு மூன்று பேர் என்னிடம் குறைப்பட்டிருக்கிறார்கள். நம் பாகூர் ஏரியை நினைத்துக்கொள்ளுங்கள். வெட்டியவர் பெயர் பாட்டில் வரலாம், கல்வெட்டில் வரலாம். ஆனால் இத்தனை நூற்றாண்டாக அது ஏரியாக இருப்பது, வருடா வருடம் கரையைப் பார்த்து, வாய்க்காலைத் தூர்வாரி, மடையை நேரத்துக்குத் திறந்து மூடிய ஆட்களால்தான். அவர்கள் பெயர் யாருக்கும் தெரியாது. தண்ணீர் வந்தது. ராத்திரி இரண்டு மணிக்குச் சர்வர் விழுந்துவிட்டது என்று எழுந்து உட்காருகிறாயே, நீ அந்த மடைக்காரன். குறைவாக நினைக்காதே.

உறவுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. இப்போது ஏ.ஐ. வந்து வேலை போகிறது என்று டிவியில் தினமும் பார்க்கிறீர்கள். விசேஷ வீட்டில் பிள்ளைகள் வந்தால் முதல் கேள்வியாக "வேலை இருக்கா, எடுத்துட்டாங்களா" என்று கேட்காதீர்கள். நம் குடும்பத்திலேயே ஒரு பிள்ளை வேலை போனதை ஏழு மாதம் அம்மா அப்பாவிடம் சொல்லாமல், தினமும் காலையில் லேப்டாப் பையை மாட்டிக்கொண்டு வெளியே போய் வந்தது எனக்குத் தெரியும். விளைச்சல் பொய்த்த வருடத்தில் விவசாயியைப் பார்த்து நாம் அப்படிக் கேட்போமா? "வா, சாப்பிடு" என்போம். இவர்களுக்கும் அதைச் சொல்லுங்கள். மற்றதைப் பிறகு அவர்களே சொல்வார்கள்.

பாகூரில் ஒன்பதாம் நூற்றாண்டிலேயே ஒரு வித்யாஸ்தானம் இருந்தது. பல்லவன் நிருபதுங்கன் காலத்தில் அதை நடத்த மூன்று ஊர்களைத் தானமாக விட்டதைப் பாகூர்ச் செப்பேடு சொல்கிறது. படிப்பவருக்கும் படிப்பிப்பவருக்கும் சோறு போடுவதற்காக மூன்று ஊர் விளைச்சல் போனது. நாம் படித்த படிப்பு எல்லாமே இப்படி யாரோ விளைவித்த நெல்லில்தான் நடந்திருக்கிறது. உங்கள் காலத்தில் அந்த நெல்லைச் சமைத்த பாத்திரத்தைக் கழுவியவர் நம் ஆயா.

சுவாமிநாதன் ஐயா 2023 செப்டம்பரில் காலமானார். அவரைப் பசுமைப் புரட்சிக்காக எல்லோரும் நினைக்கிறார்கள். வில்லியனூருக்காகவும் நாம் நினைத்துக்கொள்வோம். அந்த மையங்கள் செய்த வேலையில் பெரும்பகுதியை இன்று ஆளுக்கொரு போன் செய்கிறது. ஆனால் போன் நம்மிடம் எதையும் கேட்டுவிட்டு வருவதில்லை. கேட்கிற வேலை இன்னும் மனிதர்களிடம்தான் இருக்கிறது, அதாவது உங்களிடம்.

இந்தப் பதிவைப் படிக்கிறவர்களில் கீழூர், ஏம்பலம், வீராம்பட்டினம் மையங்களில் தொண்டராக இருந்தவர்கள் இருந்தால் கீழே எழுதுங்கள். முதல் நாள் யார் வந்தார்கள், என்ன கேட்டார்கள், நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று நினைவில் இருப்பதை எழுதுங்கள். சின்ன விஷயம் என்று விட்டுவிடாதீர்கள். சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் தம்பி தங்கைகள் படிக்கட்டும்.

ஆயாவின் பாக்கிப் பணம் வந்ததும் தெரிவிக்கிறேன். அதுவரை யாரும் எனக்குப் பணம் அனுப்ப வேண்டாம், அவருக்கு வேண்டியது அவருடைய சொந்தக் காசு. ஊருக்கு வரும்போது ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். முகம் பார்த்தாலே பெயர் சொல்லிக் கூப்பிடுவார். விரல் ரேகை எல்லாம் கேட்க மாட்டார்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள். ராத்திரி தூங்குங்கள்.

அன்புடன்,
உங்கள் கணக்கு டீச்சர்